டைமர் அடிக்கும்போது பக்கம் வட்டில் இருந்தால்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பழைய சோதனைக் கருவியைப் பராமரிக்கும் வாசகர் கேட்கிறார்: "டாஸ் கணினி, டிஜேஜிபிபி-யில் எழுதிய சி நிரல். மேசையில் நன்றாக ஓடுகிறது. உற்பத்தி வரிசையில் வைத்தால் சில நாளுக்கொரு முறை விழுகிறது. எலுமிச்சம்பழம்கூட வைத்துப் பார்த்துவிட்டார்கள். என்னதான் காரணம்?"

டிஜேஜிபிபி என்பது டாஸ் இயங்குதளத்துக்கு சி நிரல் எழுதும் கருவித்தொகுப்பு. அதன் நிரல்களுக்கு நினைவகத்தைப் பங்கிட்டுத் தருவது சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ என்ற மென்பொருள். ராம் போதாதபோது அது நினைவகத்தின் 4096 பைட் துண்டுகளை, அதாவது பக்கங்களை, வட்டில் ஒதுக்கும். நிரல் தொட்டதும் மீட்டுத் தரும். சாதாரண ஃபங்ஷனுக்கு இது தெரியவே தெரியாது.

ஓடும் வேலையை வன்பொருள் இடைமறிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்தான் இன்டரப்ட் ஹேண்ட்லர். அதன் கதை வேறு. நிரல் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கிறது, அதாவது கட்டுப்பாடு டாஸுக்குள் இருக்கிறது. நொடிக்கு 18.2 முறை அடிக்கும் டைமர் அப்போது அடிக்கிறது. ஹேண்ட்லர் ஓர் எண்ணியைக் கூட்டப் போகிறது. எண்ணியின் பக்கமோ வட்டில். அதை எடுத்துவர டாஸைத்தான் கூப்பிட வேண்டும். டாஸின் ஸ்டாக்கும் மாறிகளும் பாதிக் கணக்கோடு நிற்கின்றன. மறுபடி உள்ளே நுழைந்தால் அந்தக் கணக்கு அழியும். ஹேண்ட்லர் முடியாமல் டாஸ் நகராது, டாஸ் நகராமல் பக்கம் வராது. நிரல் விழுகிறது.

ராம் நிரம்பி, டாஸ் வேலையில் இருந்து, பக்கமும் வெளியே போயிருக்க வேண்டும். மூன்றும் ஒருசேர அமைவது அபூர்வம். அதைக் கிரகத்தின் மேல் போடுவது தேடலையே நிறுத்திவிடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தீர்வு, ஹேண்ட்லர் தொடும் அனைத்தையும் ராமில் பூட்டுவது. மாறிகளுக்கு _கோ32_டிபிஎம்ஐ_லாக்_டேட்டா, நிரல்வரிகளுக்கு _கோ32_டிபிஎம்ஐ_லாக்_கோட். இரண்டுக்கும் முகவரியும் அளவும் தர வேண்டும். முகவரியை வைத்திருக்கும் மாறியான பாயின்டரைப் பூட்டினால் அதன் நான்கு பைட்தான் பூட்டப்படும். அது காட்டும் பஃபரைத் தனியே பூட்டுங்கள். ஹேண்ட்லர் கூப்பிடும் ஃபங்ஷன்களையும் விடாதீர்கள். திரையில் எழுதும் பிரின்ட்எஃப், நினைவகம் கேட்டு வாங்கும் மேலாக் இரண்டும் அங்கே கூடவே கூடாது.

ஃபங்ஷனின் அளவுக்கு, அதன் கீழே ஒரு வெற்று ஃபங்ஷன் எழுதி முகவரிகளைக் கழிப்பது வழக்கம். டிஜேஜிபிபி-யில் உள்ள தொகுப்பியான ஜிசிசி-யின் புதிய பதிப்பு ஃபங்ஷன்களின் வரிசையை மாற்றிவிடலாம். அப்போது கழித்தல் எதிர்மறையாகி, குறியற்ற எண்ணாக 429 கோடிக்கு அருகே போய் நிற்கும், பூட்டும் தோற்கும். -எஃப்நோ-டாப்லெவல்-ரீஆர்டர் கொடுத்துத் தொகுங்கள். பூட்டும் ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பையும் பாருங்கள்.

நினைவகம் தாராளமாக இருந்தால், பக்கங்களை வட்டுக்கே அனுப்பாத மாற்று வடிவமான சிடபிள்யூஎஸ்டிபிஆர்0 போதும்.

சரிபார்க்க, நினைவகத்தையே வட்டுபோலக் காட்டும் ராம்டிரைவ் போட்டு விரிவு நினைவகத்தின் பெரும்பகுதியை விழுங்கவிடுங்கள். நாள்கணக்கில் காத்திருந்த பிழை மேசையிலேயே சீக்கிரம் தலைகாட்டும்.