அழுக்குப் படிந்த ஃபில்டர்தான் நல்ல ஃபில்டர்

நாமக்கல் பக்கம் எம்-சாண்ட் லோடு அடிக்கும் ஒருவர் கேட்டிருந்தார். ஆறு லிட்டர் டர்போ இன்ஜின் லாரி (டர்போ என்றால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி). கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவிய பஞ்சுக் கோன் ஃபில்டரை மாட்டினால் இன்ஜின் நன்றாக மூச்சு விடும், பிக்கப்பும் மைலேஜும் ஏறும் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறாராம், போடலாமா?

வேண்டாம் அண்ணே. டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைப் போலக் காற்றை அளந்து விடுவதில்லை. வருகிற காற்றையெல்லாம் இழுத்துக்கொண்டு டீசலைத்தான் அளந்து பீய்ச்சுகிறது. ஒரு கிலோ டீசல் எரிய சுமார் பதினாலரை கிலோ காற்று போதும், முழு லோடில் மேடு ஏறும்போதுகூட அதைவிடக் கூடுதலாகவே சிலிண்டருக்குள் இருக்கும். வயிறு நிறைந்தவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்த கதைதான். நல்ல ஃபில்டர் தின்கிற அழுத்தமும் நூற்றில் இரண்டோ மூன்றோ, அதையும் டர்போ பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

சரி, அந்தப் பெட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. 2000 ஆர்.பி.எம்மில் டர்போவோடு சேர்த்து இந்த இன்ஜின் மணிக்குச் சுமார் 700 கன மீட்டர் காற்று இழுக்கும், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்துக் காற்று. குவாரித் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கல்துகள், லைனர் (பிஸ்டன் உரசி ஓடும் சிலிண்டரின் உள்சுவர்) இரும்பைவிடக் கடினமானது, உள்ளே போனால் அதைத் தேய்த்துவிடும். ஃபில்டர் காகிதம் இதைச் சல்லடை மாதிரி சலிக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் நார்களுக்கு நடுவே உள்ள சந்து, அது பிடிக்கிற பல தூசிகளைவிடப் பெரியது! அப்புறம் எப்படிப் பிடிக்கிறது? காற்று நாரைச் சுற்றி வளைந்து போகும்போது கனமான தூசியால் கூட வளைய முடியாமல், பஸ் திரும்பும்போது கம்பியைப் பிடிக்காதவன் பக்கத்து ஆள்மேல் சாய்கிற மாதிரி நார்மேல் போய் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிக நுண்ணிய தூசியோ காற்று மூலக்கூறுகள் இடித்துத் தள்ளத் தள்ளத் தள்ளாடி, எங்கோ ஒரு நாரில் மாட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே, சுமார் 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆள்தான் அதிகம் தப்புகிறான். ஒட்டிய தூசி அடுத்து வரும் தூசிக்கு நாராகிவிடுகிறது. அப்படிப் படிகிற அடைதான் உண்மையான ஃபில்டர், புதுக் காகிதம் முதல் சில நாள் கொஞ்சம் ஏமாளி.

எங்கள் தெரு லாரி ஒன்றில் கிளீனர் பையன் தினமும் காலையில் ஃபில்டரைக் கழற்றி, டயரில் நாலு தட்டு தட்டி, ஏர் அடித்துப் பளிச்சென்று மாட்டுவான். தினமும் அந்த அடையை உதிர்த்தான், போதாததற்குக் காகிதத்திலும் ஊசித்துளை போட்டான். உள்ளே போன தூசியில் லைனர் தேய்ந்து, இரண்டு வருஷத்தில் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது. எண்ணெய்ப் பஞ்சு ஃபில்டரில் நார் சந்து பொதுவாக இன்னும் அகலம். அதன் எண்ணெய் கிளம்பிப் போய்க் காற்றளவு சென்சாரில் படிந்தால் அந்தத் தலைவலி தனி.

எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை, பழத்தால் லைனர் தேயாது. இன்ஜினுக்குக் காற்று பத்தவில்லை என்கிற நம்பிக்கைதான் செலவு வைக்கிறது. ஒரகடத்தில் மக்கள் பணத்தில் கட்டிய வாகனச் சோதனை மையம் இருக்கிறதே, கடையில் விற்கும் இந்த ஃபில்டர்களை அங்கே ஓட்டிப் பார்த்து முடிவைத் தமிழில் வெளியிட்டால் எத்தனை பேர் காசு மிஞ்சும்!

கை துறுதுறுவென்றால், ஃபில்டருக்கு அப்புறம் டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் கிளிப் தளர்ந்திருக்கலாம், ஹோஸில் வெடிப்பு இருக்கலாம், இல்லையென்றால் ஃபில்டரே ஓட்டையாகவோ சரியாக உட்காராமலோ இருக்கலாம். ஒட்டவில்லையா, பெட்டியில் ஃபில்டர் அடைத்துவிட்டதைச் சொல்லும் காட்டி சிவப்பாகும்வரை ஃபில்டரைத் தொடாதீர்கள்.