110 சுற்று போதும்

திருகோணமலையில் சார்ஜர், அடாப்டர் திருத்தும் கடை மேசைகளில் மஞ்சள் டேப் சுற்றிய சின்னஞ்சிறு ட்ரான்ஸ்போமர்கள் கிடக்கும். இரும்புத் தகடு அடுக்கிய பழைய ட்ரான்ஸ்போமரைத் தூக்கிப் பழகிய கைக்கு இது விளையாட்டுச் சாமான். ஆனால் 12 வோல்ட், 2 அம்பியர் அடாப்டருக்கு இது தாராளம்.

காரணம் வேகம். கம்பிச் சுற்றுக்கு நடுவே இருக்கும் காந்தத் துண்டான கோரில் காந்தப்புலம் எவ்வளவு ஏறும் என்பது, எத்தனை வோல்ட்டை எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஈஈ25 என்ற அளவுள்ள பெரைட் (இரும்பு ஒக்சைட் பீங்கான்) கோரின் நடுக்கால் குறுக்குப்பரப்பு சுமார் 52 சதுர மில்லிமீற்றர். வீட்டு மின்சாரத்தை, 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ், நேரே அதில் விடுவதென்றால் குறைந்தது ஏறத்தாழ 66,000 சுற்று கம்பி வேண்டும். யார் சுற்றுவது!

அதனால் முதலில் அதை 325 வோல்ட் டீசியாக்கி, மொஸ்பெட் என்ற மின்னணுச் சுவிட்சால் செக்கனுக்கு 65,000 தடவை வெட்டுகிறோம். ஒவ்வொரு தடவையும் 3.5 மைக்ரோசெக்கன்தான் ஓன். 325 வோல்ட்டை அந்த நேரத்தால் பெருக்கி, கோரின் பரப்பாலும் 0.2 டெஸ்லாவாலும் (காந்தப்புல அலகு) வகுத்தால், மின்சாரம் புகும் பக்கமான பிரைமரிக்கு 110 சுற்று வரும். சூடான பெரைட் 0.3 டெஸ்லாவைத் தாண்டியதும் நிறைந்துவிடும். பிறகு கரண்ட் எகிறும், மொஸ்பெட் போய்விடும். ஆகவே 0.2 உடன் நிறுத்துவது நல்லது.

இது ஃப்ளைபேக் வகை. மொஸ்பெட் ஓனில் சக்தியைச் சேமித்து, ஓஃப் ஆனதும் வெளியே மின்சாரம் தரும் பக்கமான செகண்டரிக்குக் கொடுக்கும். சக்தி பெரும்பாலும் தங்குவது கோரிலல்ல, நடுக்காலைத் தேய்த்து விடும் அரை மில்லிமீற்றர் இடைவெளியில். செகண்டரிக்கு 12 சுற்று. தொடக்க முனையை மாற்றி இணைத்தால் எல்லாம் குழம்பும்.

கம்பியிலும் ஒரு சூட்சுமம். 65 கிலோஹேர்ட்ஸில் கரண்ட் செம்பின் மேற்பரப்பிலிருந்து கால் மில்லிமீற்றர் ஆழத்துக்குள்ளேயே ஓடப்பார்க்கும். ஒரே தடித்த கம்பியின் நடுச்செம்பு வீண். செகண்டரிக்கு 0.4 மில்லிமீற்றர் கம்பி நாலைச் சேர்த்துச் சுற்றினால் சரி.

கணக்கு அரை மணித்தியால வேலை. என்னைக் கேட்டால் தரம் தெரிவது சுற்றும் ஒழுங்கில்தான். பிரைமரியில் 55 சுற்று, அதன்மேல் செகண்டரி, அப்புறம் மிச்சம் 55. இப்படி இரண்டுக்கும் நடுவே வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதை அதிகம் தவறவிடாது. தவறவிட்ட சக்திதான் மொஸ்பெட் ஓஃப் ஆகும் கணத்தில் கூர்முனை வோல்ட்டாகப் பாய்கிறது. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே மூன்று அடுக்கு டேப். கம்பி சுற்றும் பிளாஸ்டிக் கூடான பாபினின் ஓரத்தில் இரு பக்கமும் 3 மில்லிமீற்றர் கம்பி படாமல் விட வேண்டும். இங்கே உப்புக்காற்று வேறு. ஈரம் பிடித்த உப்புப் படலத்தின் மேலால் மின்சாரம் கசியும், முனைகளில் களிம்பும் ஏறும். சுற்றி முடித்து வார்னிஷில் தோய்த்துக் காயவைப்பதை இந்த ஊரில் விடவே கூடாது.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் போடுங்கள். மின்னி அணைந்தால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை எதையும் தொடாதீர்கள்.