பொருந்தும், இணங்கும், ஈடுகொடுக்குமா? 'கம்பாட்டிபிள்' என்ற ஒரு சொல்லின் கதை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில், அதாவது சதர் பத்ரப்பா ரோட்டில், ஒரு மணி நேரம் நின்றால் கன்னடம், இந்தி, தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் காதில் விழும். எந்த மொழியில் பேரம் நடந்தாலும் நடுவில் ஒரு சொல் மட்டும் மாறாது: 'கம்பாட்டிபிள்', அதாவது ஒன்றோடொன்று ஒத்துப்போவது. சிலர் வாயில் அது 'கம்பர்டபிள்' என்றும் வரும். "இந்த போர்டுக்கு இந்த ராம் கம்பர்டபிளா இருக்குமாண்ணா?" என்று ஒரு பையன் கேட்க, கடைக்காரர் சிரிக்காமல் பதில் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு விதத்தில் அதுவும் தப்பான கேள்வி இல்லை.

என் அக்கா மகன் கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் கட்ட வேண்டும் என்று 50,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். பட்டியலையும் அவனே எழுதி வந்திருந்தான். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்கு ரைசன் 5 5600, எல்லாப் பாகமும் உட்காரும் மதர்போர்டுக்கு பி450 போர்டு, தற்காலிக நினைவகத்துக்கு டிடிஆர்5 ராம், திரையில் படம் காட்டப் பழைய மார்க்கெட்டில் பார்த்து வைத்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு. அல்சூரிலிருந்து இருவரும் பஸ்ஸில் போனோம். கடைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு மூன்று இடத்தில் பேனாவால் தட்டினார். மூன்று இடத்திலும் ஒரே வார்த்தைதான்: "இது கம்பாட்டிபிள் இல்ல தம்பி." ஆனால் மூன்று தடவையும் அவர் சொன்ன விஷயம் வேறு வேறு. திரும்பி வரும்போது பையன் கேட்டான்: "மூணுமே கம்பாட்டிபிள் இல்லன்னா எல்லாத்தையும் மாத்தணுமா மாமா?" இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் 'கொம்' என்றால் உடன், 'பத்தீ' என்றால் துன்பத்தைத் தாங்குதல், அனுபவித்தல். இரண்டும் சேர்ந்தால் 'கூடவே துன்பப்படுதல்'. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் 'பேஷன்ட்', பொறுமையைக் குறிக்கும் 'பேஷன்ஸ்', இரக்கத்தைக் குறிக்கும் 'கம்பாஷன்' எல்லாம் இதே வேரில் முளைத்தவை. இடைக்கால லத்தீனில் இந்தச் சொல் தேவாலயக் கணக்குவழக்குக்குள் வந்தது. வருமானம் தரும் இரண்டு திருச்சபைப் பதவிகளை ஒரே ஆள் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்றால், அந்தப் பதவி இன்னொன்றோடு 'கம்பாட்டிபிள்'. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, மனிதர்களின் குணத்துக்கும் கொள்கைகளுக்கும் பரவியது.

கம்ப்யூட்டருக்கு இது வந்த வழியும் சுவையானது. 1964 ஏப்ரலில் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதற்கு முன் சின்ன இயந்திரத்திலிருந்து பெரிய இயந்திரத்துக்கு மாறினால் நிரல்களைத் திரும்ப எழுதவேண்டிய நிலை. இந்த வரிசையில் சிறியதற்கு எழுதியது பெரியதிலும் ஓடும் என்பதே விற்பனைப் பேச்சு. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபின் 'ஐபிஎம் கம்பாட்டிபிள்', அதாவது அதன் நிரல்களை ஓட்டும் மற்ற நிறுவனக் கணினி, ஒரு சரக்கின் பெயராகவே ஆனது. அந்த இயந்திரத்தின் பயாஸ் நிரலை, அதாவது கணினியை எழுப்பிப் பாகங்களை அடையாளம் காணும் அடிப்படை நிரலை, நகலெடுத்தால் வழக்கு வரும். ஆகவே காம்பேக் நிறுவனத்தில் ஒரு குழு அந்த பயாஸ் என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தது. மூல நிரலைக் கண்ணால் பார்க்காத இன்னொரு குழு அதை வைத்துப் புதிதாக எழுதியது. அவர்களுடைய கணினி 1983-இல் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஒரு பிசி உண்மையிலேயே கம்பாட்டிபிள்தானா என்று பார்க்க இரண்டு மென்பொருளை ஓட்டிப் பார்ப்பார்களாம். ஒன்று, லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு அட்டவணை. இன்னொன்று, மைக்ரோசாஃப்டின் ஃபிளைட் சிமுலேட்டர். கேம் ஓடுகிறதா என்று பார்த்துக் கம்ப்யூட்டரை எடைபோடும் பழக்கம் நம் பையன்கள் கண்டுபிடித்ததில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். 'உடன்' என்ற சொல்லையும் 'படு' என்ற சொல்லையும் சேர்த்தால் 'உடன்படு'. இதில் படு என்பது துன்பப்படு, பாடுபடு என்பதில் வரும் அதே படு. லத்தீன்காரன் கட்டிய அதே வீட்டை, அதே இரண்டு செங்கல்லை வைத்து, நாமும் தனியாகக் கட்டியிருக்கிறோம். பெயர்ச்சொல் உடன்பாடு. குறளில் இது 'உடம்பாடு' என்று வருகிறது: மனத்தில் உடன்பாடு இல்லாதவரோடு வாழ்வது குடங்கருக்குள் பாம்போடு குடியிருப்பது போல என்கிறது 890-ஆம் குறள். குடங்கர் என்றால் குடிசை. கம்ப்யூட்டரின் கேபினட் என்ற இரும்புக் குடிசைக்குள் ஒத்துப்போகாத இரண்டு பாகங்களை அடைத்துத் திருகு முடுக்கியவர்களுக்கு அந்தப் பாம்பு தெரியும்.

ஆனாலும் உடன்பாட்டை நான் இதற்குச் சிபாரிசு செய்யமாட்டேன். இன்று செய்தித்தாளில் உடன்பாடு என்றால் தொகுதி உடன்பாடு, நாடுகளுக்கிடையே உடன்பாடு. 'ராம் உடன்பாடு' என்றால் அரசியல் வாடை அடிக்கும்.

அடுத்து, வீட்டுச் சொல்லான பொருத்தம். பொருந்து என்பதிலிருந்து வந்தது. கேட்டவுடன் கல்யாணம்தான் நினைவுக்கு வரும்: தினம், கணம், மகேந்திரம் என்று தொடங்கி ரஜ்ஜு, வேதை வரைக்கும் பத்து. பத்து என்ற எண்ணின் மேல் நமக்கு அப்படி ஒரு பிரியம். காதலன், காதலிக்குள் ஒத்திருக்க வேண்டியவை என்று பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் சொல்வதும் பத்துதான். அங்கே அதன் பெயர் 'ஒப்பு'. செய்யுள் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களில் இன்னொரு பத்து உண்டு. ஒரு புலவர் வள்ளலைப் பாடும்போது நூலின் முதல் சொல் அவர் பெயருக்குப் பொருந்துகிறதா என்று மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் என்று பத்துப் பொருத்தம் பார்ப்பாராம். பாட்டுக்கே பொருத்தம் பார்த்த ஊரில் போர்டுக்குப் பார்ப்பதா பெரிது?

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஜாதகத்தில் பத்துக்கு ஏழு வந்தால் மேளம் கொட்டிவிடலாம். கம்ப்யூட்டரில் பாஸ் மார்க் கிடையாது. ரஜ்ஜு தட்டினால் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, இங்கே எல்லாமே ரஜ்ஜு.

கடைக்காரர் தட்டிய முதல் இடம் இந்தப் பொருத்தம். பி450 போர்டு டிடிஆர்4 ராமுக்கு மட்டும் செய்தது. '5 பெரியதுதானே' என்று பையன் டிடிஆர்5 எழுதியிருந்தான். இரண்டிலும் 288 பின் (தொடுமுனை)தான், நீளமும் ஒன்றே. நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது, உள்ளே இறங்காது. அந்த வெட்டு வேண்டுமென்றே வைத்த காவல்காரன். டிடிஆர்4 1.2 வோல்ட்டில் ஓடும், டிடிஆர்5 1.1 வோல்ட்டில், மின்சாரத்தைச் சீர்செய்யும் சில்லும் அந்த அட்டையிலேயே இருக்கும். மாறி நுழைந்தால் வம்பு. இந்த வகைப் பொருத்தத்தை அளவுகோல் வைத்தே பார்த்துவிடலாம். போர்டுகளுக்கு அளவு வகை உண்டு: ஏடிஎக்ஸ் 305-க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. நுழையும், அல்லது நுழையாது.

இரண்டாவது தட்டலுக்கு முன் என் சொந்தக் கதை ஒன்று. சில வருஷங்களுக்கு முன் பழைய ஆறாம் தலைமுறை இன்டெல் போர்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கு எட்டாம் தலைமுறை பிராசசர் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். "ரெண்டும் எல்ஜிஏ 1151 சார், தாராளமா உட்காரும்." சத்தியமான வார்த்தை, உட்கார்ந்தது. திரையில்தான் எதுவும் வரவில்லை. ராமைக் கழற்றி மாட்டி, கேபிளைக் கழற்றி மாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயரும் பின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தாலும், எட்டாம் தலைமுறைக்கு இன்டெல் 300 வரிசை சிப்செட் (போர்டின் துணைச் சில்லு) கேட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. பிராசசரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "உட்காரும்னுதானே சொன்னோம்" என்றார்கள். மறுத்துப் பேச என்னிடம் ஒரு சொல் இல்லை.

இப்போது இருக்கிறது: இணக்கம். பொருந்துவது உடம்பின் வேலை. இணங்குவதற்கு மனசு வேண்டும். 'எவ்வளவோ சொல்லியும் இணங்க மறுக்கிறான்' என்கிறோம், 'பொருந்த மறுக்கிறான்' என்பதில்லை. அந்தப் பிராசசர் அந்த போர்டுக்குப் பொருந்தியது, இணங்கவில்லை. போர்டுக்கு மனசு என்று ஒன்று இருந்தால் அது பயாஸ்தான். பையனின் பட்டியலில் கடைக்காரர் இரண்டாவதாகத் தட்டியதும் இதைத்தான். பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை. ரைசன் 5000 வரிசை 2020 இறுதியில் வந்தது. பழைய பயாஸ் புதுப் பிராசசரை யாரென்று கேட்கும். நல்லவேளை, இது தீராத பகை இல்லை. பயாஸைப் புதுப்பித்தால் இணங்கிவிடும். சில போர்டுகளில் பிராசசர் இல்லாமலேயே ஒரு பென் டிரைவை வைத்துப் புதுப்பிக்கும் வசதியும் உண்டு. வாங்கும்போதே கடையில் செய்து தரச் சொல்வது உத்தமம்.

இணக்கத்தோடு சேர்த்து ஒத்திசைவு, ஒவ்வுதல் என்ற இரண்டையும் சிலர் எழுதுகிறார்கள். ஒத்திசைவு எனக்குப் பாட்டுக் கச்சேரியை நினைவூட்டுகிறது. ஒவ்வாமையை டாக்டர்கள் அலர்ஜிக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். செயலியின் கதியும் அதுதான். பாடநூலில் செயலி என்றால் பிராசசர், தெருவில் செயலி என்றால் செல்போன் ஆப். அதனால்தான் இந்தக் கட்டுரையில் பிராசசர் என்றே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

மூன்றாவது தட்டல் கிராபிக்ஸ் கார்டு மேல். அது போர்டில் நுழையும், படமும் காட்டும். பொருத்தம் சரி, இணக்கமும் சரி. பிறகு என்ன? 6500 எக்ஸ்டி கார்டு போர்டோடு பேச நான்கு தடங்களை (தகவல் போகும் பாதைகளை) மட்டும் பயன்படுத்துகிறது. அந்தப் பாதையின் புதிய பதிப்பான பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இருக்கும் போர்டில் அது பரவாயில்லை. பி450 போர்டு 3.0. அங்கே ஒவ்வொரு தடத்தின் வேகமும் பாதியாகிவிடும். நான்கே தடம், அதிலும் பாதி வேகம். கார்டில் இருக்கும் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் கேம் அந்தச் சந்து வழியாகத்தான் மெயின் ராமுக்குப் போய்வர வேண்டும், படம் திணறும். பழைய மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்குத் தமிழில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொல் இருக்கிறது: ஈடுகொடுத்தல். 'அவர் நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியலை' என்று வயதானவரோடு மலையேறியவர்கள் சொல்வார்கள். சுடு, சூடு ஆவது போல, கெடு, கேடு ஆவது போல, இடு என்பது முதல் எழுத்து நீண்டு ஈடு ஆனது. 'ஈடு இணையற்ற' என்று மேடையில் ஒரே மூச்சில் சொல்கிறோம். இணை, இணங்கு, இணக்கம் ஒரு குடும்பம், ஈடு வேறு குடும்பம். இரண்டும் ஒன்றில்லை என்பதால்தான் பழகிய வாய் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. 'பாட்டில்நெக்' என்று கேமர்கள் புலம்புவதெல்லாம் ஈடுகொடுக்காமைதான். குறைந்த பட்ஜெட்டில் கட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள். ஒரு பாகத்தில் தாராளம், அடுத்த பாகத்தில் கஞ்சத்தனம். எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் இதில் முதல் பலி. போர்டின் துளை வழியாக கார்டுக்கு 75 வாட்தான் வரும், எட்டு பின் கேபிளில் இன்னொரு 150 வாட். கேட்கும்போதெல்லாம் அதைத் தளராமல் கொடுக்க எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெம்பு வேண்டும்.

அந்தக் கடைக்காரரிடம் கன்னடத்தில் கம்பாட்டிபிளுக்கு என்ன என்று கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு 'ஹொந்தாணிகெ' என்றார். ஹொந்து என்ற வினையிலிருந்து வருவது. தமிழ்ப் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, பெண் ஹெண்ணு. அதே வழியில் பழங்கன்னடத்துப் பொந்து இன்று ஹொந்து ஆகிவிட்டது. நம் பொருந்துக்கு ரத்த சொந்தம். கவுண்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நடுவில் லத்தீனில் பேரம் பேசியிருக்கிறோம். அவர் கேட்டுவிட்டு, "நாங்க 'செட் ஆகுது, செட் ஆகலை'ன்னுதான் சார் சொல்வோம்" என்றார். அதுவும் உண்மைதான்.

பையன் இப்போது புதுப் பட்டியல் போட்டிருக்கிறான். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே மூன்று கட்டம்: பொரு, இண, ஈடு. டிடிஆர்5 போய் டிடிஆர்4 வந்தாகிவிட்டது. பயாஸ் புதுப்பித்துத் தருவதாகக் கடையில் ஒப்புக்கொண்டார்கள். எட்டுத் தடமுள்ள வேறொரு கார்டைப் பார்த்து வைத்திருக்கிறான், கொஞ்சம் நீளமானது. கேபினட் மட்டும் அவன் அண்ணனுடைய பழையது. அதற்கு எதிரே 'பொரு' கட்டம் இன்னும் காலி. நேற்று அக்கா போன் செய்து, தையல் பெட்டியிலிருந்த அளவு டேப்பைக் காணோம், உன் மருமகன்தான் எடுத்திருப்பான் என்றார்.