பகல் ஏன் எங்கும் என்றும் ஒரே அளவாக இருப்பதில்லை?

ஜூன் 21 அன்று நிலநடுக்கோட்டில் இருப்பவருக்குச் சூரியன் சுமார் 12 மணி 7 நிமிடம் தென்படும். அதே நாளில் வடக்கே 30 பாகை அட்சரேகையில் பகல் 14 மணி 5 நிமிடமாகவும், 60 பாகையில் 18 மணி 52 நிமிடமாகவும் நீள்கிறது. 70 பாகையில் சூரியன் மறைவதே இல்லை. ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 21 வாக்கில், இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. 60 பாகையில் பகல் 5 மணி 52 நிமிடமாகச் சுருங்குகிறது, 70 பாகையில் சூரியன் எழுவதே இல்லை. நிலநடுக்கோட்டில் மட்டும் அன்றைக்கும் அதே 12 மணி 7 நிமிடம்தான்.

இதற்குப் பூமி சூரியனை நெருங்குவதும் விலகுவதும் காரணம் என்று நினைப்பவர்கள் இன்றும் நிறையப் பேர். பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். மிகத் தொலைவில், ஏறக்குறைய 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். வடபாதியில் ஜனவரியில்தான் குளிர், பகலும் குறைவு என்பதே அந்த எண்ணத்தைக் கவிழ்த்துவிடும். அதைவிட அடிப்படையான மறுப்பு ஒன்று உண்டு. விளக்கைப் பந்துக்குச் சற்று அருகில் வைத்தாலும் சற்றுத் தள்ளி வைத்தாலும் பந்தில் ஒளி படுவது பாதிப் பரப்பில்தான். ஒளியின் வலிமை மாறுமே தவிர, ஒளி விழும் பரப்பின் பங்கு மாறாது.

ஆகவே கேள்வியை இப்படி வைத்துக்கொள்வது நல்லது. பூமியின் ஒரு பாதி எந்நேரமும் வெளிச்சத்திலும் மறுபாதி இருளிலும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்கும் எல்லைக்கு ஒளிர்வு வட்டம் என்று பெயர். பூமி தன்னைத் தானே சுற்றும்போது, நாம் நிற்கும் இடம் 24 மணி நேரத்தில் ஒரு வட்டம் போட்டு வருகிறது. அந்த வட்டம்தான் நம்முடைய அட்சரேகை. அதில் எத்தனை பங்கு வெளிச்சப் பாதியில் கிடக்கிறதோ, 24 மணி நேரத்தில் அத்தனை பங்கு நமக்குப் பகல். மற்றதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

ஒரு பந்து இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பந்தின் மையம் வழியாக ஒரு பின்னல் ஊசியைச் செருகி, நடுவில் ஒரு வட்டமும், ஊசியின் மேல்முனைக்குப் போகும் வழியில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இன்னொரு வட்டமும் பேனாவால் வரைந்துகொள்ள வேண்டும். இருட்டறையில் பந்தின் உயரத்திலேயே ஒரு விளக்கை வைத்து, ஊசியின் மேல்முனை விளக்கின் பக்கம் சாயுமாறு, செங்கோணத்தில் கால் பங்கு அளவுக்குச் சரித்துப் பிடிக்க வேண்டும். இப்போது மேல்வட்டத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, ஒன்று முதல் 24 வரை எண்ணுவதற்குள் பந்து ஒரு சுற்று முடிக்குமாறு சீராகச் சுழற்றினால், ஏறக்குறைய 18 எண்ணிக்கை வரை குண்டூசி வெளிச்சத்திலேயே இருக்கும். மிச்ச ஐந்தாறு எண்ணிக்கைதான் அதற்கு இரவு. நடுவட்டத்தில் குத்திய குண்டூசிக்கோ சரியாக 12 பகல், 12 இரவு. ஊசியை எவ்வளவு சரித்தாலும் நடுவட்டத்தின் கணக்கு மாறாது. ஏனெனில் நடுவட்டமும் ஒளிர்வு வட்டமும் பந்தின் மையத்தையே தங்கள் மையமாகக் கொண்டவை; அப்படிப்பட்ட இரு வட்டங்கள் எந்தக் கோணத்தில் வெட்டிக்கொண்டாலும் ஒன்றையொன்று சரிபாதியாகவே வெட்டும்.

அடுத்து, பந்தை விளக்கின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். விளக்கைச் சுற்றி நடக்கும்போது கை தானாகவே ஊசியை விளக்கின் பக்கமே சாய்த்துவைத்துக்கொள்ளப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஊசியின் முனை தொடக்கத்தில் அறையின் எந்த மூலையைப் பார்த்ததோ, கடைசி வரை அதே திசையைத்தான் பார்க்க வேண்டும். பூமியின் அச்சும் அப்படித்தான்: ஆண்டு முழுவதும் துருவ நட்சத்திரத்தின் திசையிலேயே நிற்கிறது, அங்குமிங்கும் தலையசைப்பதில்லை. அச்சு அசையாமல் இருக்கப் பூமி இடம் மாறுவதால்தான் ஜூனில் சூரியன் பக்கம் சாய்ந்திருந்த வடமுனை டிசம்பரில் சூரியனைவிட்டு விலகிச் சாய்ந்ததாகிறது. பாதி வழியில், அதாவது மார்ச் 20 வாக்கிலும் செப்டம்பர் 22 வாக்கிலும், அச்சு சூரியனின் பக்கமும் இல்லாமல் எதிர்ப்பக்கமும் இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். அப்போது ஒளிர்வு வட்டம் இரு துருவங்களின் வழியாகவும் செல்வதால் எல்லா அட்சரேகைகளும் சரிபாதியாக வெட்டப்படுகின்றன. இவையே சம இரவு பகல் நாட்கள்.

அட்சரேகை கூடக்கூடப் பகலின் வேறுபாடு ஏன் தாறுமாறாக ஏறுகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகச் சுவையாகப் படும் பகுதி. ஜூன் 21 அன்று நிலநடுக்கோட்டிலிருந்து 30 பாகை வடக்கே போனால் பகல் இரண்டு மணி நேரம் கூடுகிறது. அடுத்த 30 பாகையில் கூடுவது ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகு ஆறரைப் பாகை போவதற்குள் மீதியுள்ள ஐந்து மணி நேரமும் சேர்ந்து பகல் 24 மணி நேரமாகிவிடுகிறது. இதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்து வேலை செய்கின்றன. வடக்கே போகப் போக நம் வட்டம் நிலநடுக்கோட்டுத் தளத்திலிருந்து உயர்கிறது. சாய்வாக நிற்கும் வெளிச்ச எல்லை, உயரத்துக்கு ஏற்ப, வட்டத்தின் மையத்தைவிட்டு மேலும் மேலும் விலகி வெட்டுகிறது. அதே சமயம் வட்டமும் சிறுத்துக்கொண்டே போகிறது. விலகல் பெருகி வட்டம் சிறுப்பதால், ஆரத்தோடு ஒப்பிட்டால் அந்த விலகல் வேகமாக வளர்கிறது. 15 பாகையில் அது ஆரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். 45 பாகையில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். 60 பாகையில் முக்கால் பங்கு. விலகல் ஆரத்துக்குச் சமமாகும் இடத்தில் வெளிச்ச எல்லை வட்டத்தை விளிம்பில் தொட்டுவிட்டு நின்றுவிடும், வட்டம் முழுவதும் ஒளியில் இருக்கும். 90-இலிருந்து அச்சின் சாய்வான 23.4 பாகையைக் கழித்தால் வரும் 66.6 பாகைதான் அந்த இடம். ஆர்க்டிக் வட்டத்தை அங்கே வரைந்திருப்பதன் காரணம் இதுவே. தென்பாதியில் அண்டார்க்டிக் வட்டத்துக்கும் இதே கணக்குத்தான், ஆறு மாதம் தள்ளி.

முக்கோணவியல் படித்தவர்களுக்கு: விலகலுக்கும் ஆரத்துக்கும் உள்ள அந்த விகிதம் அட்சரேகையின் டேன்ஜென்ட் மதிப்பையும், அன்றைய சூரியச் சரிவின் டேன்ஜென்ட் மதிப்பையும் பெருக்கினால் வருவது. சூரியச் சரிவு என்பது நண்பகலில் சூரியன் எந்த அட்சரேகைக்கு நேர் மேலே நிற்கிறதோ அந்தப் பாகை.

இந்தச் சரிவு ஆண்டில் வடக்கே 23.4 பாகைக்கும் தெற்கே 23.4 பாகைக்கும் இடையே ஊஞ்சலாடுகிறது. ஊஞ்சல் நடுவில் விரைந்தும் இரு கோடிகளில் தயங்கியும் செல்வதுபோல, மார்ச், செப்டம்பர் மாதங்களில் அது நாளொன்றுக்கு 0.4 பாகை வீதம் நகர்கிறது. ஜூன் 21-க்கு முந்திய ஒரு வாரம் முழுவதிலும் 0.2 பாகைகூட நகர்வதில்லை. எனவே 60 பாகை அட்சரேகையில் மார்ச் இறுதியில் ஒவ்வொரு நாளும் பகல் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீள்கிறது, ஒரு வாரத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. ஜூன் நடுவிலோ ஒரு வாரத்துக்குச் சேர்த்து ஐந்து நிமிடம்கூடத் தேறாது. 13 பாகையில் மிக விரைவான காலத்திலும் நாளுக்கு முக்கால் நிமிடம்தான் என்பதால், அங்கே இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணில் படுவதே அரிது.

இதே விஷயம் தரையில் நின்று பார்ப்பவருக்கு வேறு விதமாகத் தெரியும். நிலநடுக்கோட்டில் சூரியன் தொடுவானத்துக்குச் செங்குத்தாக எழுந்து செங்குத்தாகவே விழுகிறது. அந்தி சட்டென்று இருட்டிவிடுகிறது. வடக்கே போகப் போக சூரியனின் பாதை சரிந்து, அது சறுக்கிக்கொண்டே இறங்குகிறது. 60 பாகையை ஒட்டியுள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஜூன் நள்ளிரவில்கூடச் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே ஆறேழு பாகைதான் இறங்கியிருக்கும். கணக்கின்படி அது இரவுதான். வானமோ முழுதாக இருளாது. அந்நகரின் புகழ்பெற்ற வெள்ளை இரவுகள் அவை.

சம இரவு பகல் நாளில் பகல் சரியாக 12 மணி நேரம் என்று பள்ளியில் படிக்கிறோம், ஆனால் எந்தப் பஞ்சாங்கமும் அதை ஒப்புக்கொள்ளாது. சூரியன் புள்ளியல்ல, ஏறக்குறைய 32 கலை அகலமுள்ள வட்டு. ஒரு பாகைக்கு 60 கலை. அதன் மேல்விளிம்பு தெரிந்ததுமே சூரியன் உதித்ததாகக் கணக்கு. அதோடு, தொடுவானத்தை ஒட்டி வரும் கதிரைக் காற்றுமண்டலம் சுமார் 34 கலை வளைத்துவிடுகிறது. அதாவது, அந்தியில் வட்டின் அடிவிளிம்பு தொடுவானத்தைத் தொடும்போது உண்மையான சூரியன் முழுதாகக் கீழே போயே விட்டது. நாம் பார்ப்பது காற்று தூக்கிக் காட்டும் பிம்பம். இந்த இரண்டும் சேர்ந்து நிலநடுக்கோட்டில் கொடுக்கும் உபரிதான் அந்த ஏழு நிமிடம். ஆகவே அங்கே ஆண்டில் ஒருநாள்கூடப் பகல் சரியாக 12 மணி நேரம் இல்லை. மிகக் குளிர்ந்த காற்றடுக்குகள் இருந்தால் வளைவு இன்னும் பெரிதாகும். 1596–97 குளிர்காலத்தில் ஆர்க்டிக் பகுதியின் நோவாயா செம்லியா தீவில் பனியில் சிக்கிக்கொண்ட டச்சு மாலுமி வில்லெம் பாரன்ட்ஸின் குழுவினர், துருவ இரவு முடிந்து சூரியன் திரும்பி வரவேண்டிய நாளுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகவே, 1597 ஜனவரி 24 அன்று, அதன் விளிம்பைக் கண்டார்கள். அவர்களின் நாட்கணக்கு தவறிவிட்டது என்றே பலர் நெடுங்காலம் நம்பினார்கள், ஏமாற்றியது காற்று.

பகலின் நீளத்துக்கும் அட்சரேகைக்கும் உள்ள இந்த உறவு மாறாதது என்பதால் பண்டைய கிரேக்கப் புவியியலாளர்கள் அதையே முகவரியாகப் பயன்படுத்தினார்கள். ஓர் ஊர் எத்தனை பாகையில் இருக்கிறது என்பதற்குப் பதிலாக, அங்கே ஆண்டின் மிக நீண்ட பகல் எத்தனை மணி நேரம் என்று குறித்தார்கள்: நைல் கரையின் மெரோவேக்கு 13, சியேனேக்கு (இன்றைய அஸ்வான்) பதின்மூன்றரை, அலெக்சாந்திரியாவுக்கு 14, ரோட்ஸ் தீவுக்குப் பதினான்கரை.

ஓராண்டின் பகல்களையெல்லாம் கூட்டினால் எல்லா இடங்களுக்கும் ஏறக்குறைய ஆண்டில் பாதி நேரம் பகலாகக் கிடைக்கிறது. நிலநடுக்கோடு அதை நாள்தோறும் சமமாகப் பெறுகிறது. துருவம் ஒரே உதயத்தில் தொடங்கி ஒரே மறைவில் முடியும் ஒற்றைப் பகலாகப் பெறுகிறது. ஆனால் இரு துருவங்களின் பங்கும் ஒன்றல்ல. ஜூலையில் சூரியனைவிட்டுத் தொலைவில் இருக்கும் பூமி மெதுவாக நகர்வதால் மார்ச் சம நாளிலிருந்து செப்டம்பர் சம நாள் வரை 186 நாட்களுக்குச் சற்று மேல் ஆகிறது; ஜனவரியில் விரைந்து ஓடுவதால் மறுபாதியை 179 நாட்களுக்குள் முடித்துவிடுகிறது. வடதுருவத்தின் பகல் தென்துருவத்தின் பகலைவிட ஒரு வாரத்துக்கு மேல் நீண்டிருப்பது அதனால்தான். தொடக்கத்தில் நாம் ஒதுக்கிவைத்த தொலைவு, பகலின் கணக்கில் தலைகாட்டுவது இந்த ஒரு வாரத்தில் மட்டும்.