கல்விக் கடனுக்கு மஞ்சள் கடுதாசி செல்லுமா?

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மா, வங்கி நோட்டீஸை எட்டாக மடித்து மணிபர்ஸில் வைத்திருந்தார். மடிப்பில் எழுத்தே தேய்ந்துவிட்டது. மகன் என்ஜினியரிங் முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் பில் போடுகிறான். "ஐ.பி. குடுத்துட்டா இந்தக் கடன் போயிருமாய்யா?" என்று கேட்டார்.

போகாது, அவ்வளவு சுலபமாக. ஐ.பி., மஞ்சள் கடுதாசி என்றெல்லாம் நாம் சொல்வது திவால் மனுவைத்தான். மதுரைக்காரர்களுக்கு இன்றும் பொருந்துவது 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம். ஆனால் மனுப் போட்ட அன்றே கடன் தீர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. நீதிமன்றம் திவாலானவர் என்று அறிவிக்கும், சொத்து, நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளரான ரிசீவர் கைக்குப் போகும், பிறகு கடனிலிருந்து தனியாக விடுவிப்பு உத்தரவு வாங்க வேண்டும். அதுவரை உள்ளாட்சித் தேர்தலில்கூட நிற்க முடியாது.

இந்தப் பழைய சட்டம் கல்விக் கடனைப் பெயர் சொல்லி ஒதுக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில். 4 லட்சம் வரை அடமானம் கேட்காத வங்கி, பெற்றோரைக் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடச் சொல்கிறது. 44-ஆம் பிரிவின்படி மகனுக்குக் கிடைக்கும் விடுவிப்பு, சேர்ந்து கையெழுத்துப் போட்டவரைக் காப்பாற்றாது. மகன் வெளியே வருவான், கடன் அம்மா தலையில் நிற்கும்.

2016-இல் வந்த புதிய திவால் சட்டம் இதைச் சரிசெய்திருக்கலாம். அதில் ஏழைக் கடனாளிக்குப் 'புதுத் தொடக்கம்' என்றே ஒரு வழி இருக்கிறது: ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்கு மிகாமல், சொந்த வீடும் இல்லாமல் இருந்தால் மனுப் போடலாம். ஆனால் 79(15)-ஆம் பிரிவு சில கடன்களை விலக்கி வைக்கிறது. நீதிமன்ற அபராதம், நஷ்டஈடு, ஜீவனாம்சம், அந்த வரிசையிலேயே கல்விக் கடன்! படிக்க வாங்கிய பணத்தைக் குற்றத்துக்குக் கட்டும் அபராதத்தோடு சேர்த்து எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தொழில் நொடித்தவருக்கு உள்ள வாசல் படித்தவனுக்கு ஏன் கிடையாது?

பட்டம் வாங்கிய மறுநாளே திவால் என்று சொல்லிவிட்டு நல்ல சம்பளத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயம்தான் காரணமாகச் சொல்லப்படும். அமெரிக்காவும் அதே பயத்தில் 1976-இல் ஐந்தாண்டுக் காத்திருப்பு வைத்தது. 1990-இல் அதை ஏழாக்கியது, 1998-இல் அந்த வழியையே அடைத்துவிட்டது. அங்கேகூட, தாங்க முடியாத கஷ்டம் என்று நிரூபித்தால் நீதிபதி விடுவிக்கலாம். நம் சட்டத்தில் அந்த இடுக்குகூட இல்லை.

புதிய சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அமலாகியது. மற்றவர்களுக்கு வருமுன் திருத்திவிட வேண்டும். தவணை தொடங்கி ஐந்து ஆண்டு கழித்தும் கட்ட வழியில்லாதவர், வருமானத்தைக் காட்டி விடுவிப்புக் கேட்கலாம். பெற்றோரின் பொறுப்பும் அதோடு முடிய வேண்டும். இதைத் தள்ளுபடி என்று சொல்லாதீர்கள். தள்ளுபடி எல்லாருக்கும் ஒரே கோடாகப் போடுவது. இதில் ஒவ்வொருவர் நிலைமையையும் நீதிமன்றம் தனித்தனியாகப் பார்க்கும். மதுரையில் கடன் வசூல் தீர்ப்பாயம் இருக்கிறது. புதிய சட்டப்படி இந்த மனுக்களை விசாரிக்க வேண்டியதும் அதுதான்.

அதுவரை செய்ய வேண்டியவை சில. கணக்கு அறிக்கை கேட்டு வாங்குங்கள். வருஷம் ஒரு லட்சமாக நான்கு லட்சம், 11 சதவீத வட்டி என்று வைத்தால், படிப்பும் மேலே ஓராண்டும் முடியும்போது தனிவட்டியே 1,54,000 ரூபாய். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள படிப்பாக இருந்தால் இந்தக் கால வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும். அது வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த அம்மாவின் அறிக்கையில் முதலில் நான் தேடியதும் அந்த வரியைத்தான்.

வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது, மிரட்டவும் கூடாது. ரிசர்வ் வங்கி விதி. 2016-இல் இதே மதுரையில் கல்விக் கடன் நெருக்கடியில் ஓர் இளம் என்ஜினியரை இழந்தோம். மிரட்டல் வந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால் பயப்படாமல் போங்கள், ஆனால் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அங்கே போடும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. கடன் ஒப்பந்தம், கணக்கு அறிக்கை, நோட்டீஸ் மூன்றையும் எடுத்துப் போனால் போதும்.