இன்ஜெக்டர் ஓம் சரி, கோளாறு எங்கே?

"ஸ்கேனரில் பி0203 வருகிறது. மூன்றாம் இன்ஜெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் ஓம் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். அவசரப்பட வேண்டாம். பி0203 என்ற பிழைக் குறியீடு குறை சொல்வது மூன்றாம் சிலிண்டரின் இன்ஜெக்டர் சர்க்யூட்டை. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அதில் ஒரு பகுதிதான். ஒயரும் கனெக்டரும்கூட அதில் சேர்த்தி.

2000 ஆர்.பி.எம்மில் எஞ்சினின் கிராங்க் தண்டு ஒரு டிகிரி திரும்ப சுமார் 83 மைக்ரோசெகண்ட். அந்தக் கணக்கில்தான் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் முறை) இன்ஜெக்டர் திறந்தாக வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது சாலினாய்டு, அதாவது கம்பிச்சுருள். சுருளில் மின்னோட்டம் சட்டென்று ஏறாது. வோல்ட் கூடினால்தான் ஏறும் வேகமும் கூடும். பேட்டரியின் 12 வோல்ட் இதற்குப் போதாது.

இங்கே ஈசியூ செய்யும் வேலை எனக்கு அலுக்கவே அலுக்காது. ஒரு கெப்பாசிட்டரை 65 வோல்ட் வாக்கில் ஏற்றி வைத்துக்கொண்டு, திறக்கும் கணத்தில் அதைச் சுருளுக்குள் கொட்டுகிறது. மின்னோட்டம் 20 ஆம்பியர் வரை எகிற, வால்வு எழும்புகிறது. எழும்பியதைப் பிடித்து வைக்க அவ்வளவு வேண்டாமே! பேட்டரி மின்சாரத்தையே விட்டு விட்டுக் கொடுத்து 12 ஆம்பியர் போல நிறுத்திக்கொள்கிறது. இணைப்பை வெட்டியதும் சுருளின் காந்த ஆற்றல் எதிர் வோல்டேஜாகத் துள்ளும். பல ஈசியூக்கள் அதையும் பிடித்து கெப்பாசிட்டருக்கே திருப்பிவிடும். எல்லாம் ஓரிரு மில்லிசெகண்டில்.

சரி, மீட்டருக்கு வருவோம். ஓம் பார்க்க அது அனுப்புவது மில்லியாம்பியர் கணக்குதான். சுருளின் தடை 0.3 ஓம் போல. மீட்டரின் ஒயர்களுக்கே 0.2 ஓம் வரை இருக்கும். பச்சை பூத்த ஒரு கனெக்டர் பின் அரை ஓம் சேர்த்தால், 20 ஆம்பியரில் அது மட்டுமே 10 வோல்ட்டை விழுங்கிவிடும். இன்ஜெக்டரைத் தனியாக அளந்தவர் கண்ணில் இது படவே படாது.

இக்னிஷனை அணைத்து, ஒயரின் இரு முனைகளையும் கழற்றி, அதன் வழியாக 55 வாட் ஹெட்லைட் பல்பை எரியவிடுங்கள். மங்கினாலோ, ஒயரை ஆட்டும்போது சிமிட்டினாலோ கோளாறு ஒயரில்தான். அப்புறம் சுருளுக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. ஒரு இன்ஜெக்டர் ஷார்ட் ஆனால், அதே கெப்பாசிட்டரைப் பகிரும் மற்றவையும் படுத்துவிடும். இதைப் பார்த்துத்தான் சிலர் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். வீண் செலவு என்பேன்.

பீசோ இன்ஜெக்டர் (சுருளுக்குப் பதில், வோல்ட் கொடுத்தால் நீளும் படிகம் உள்ளது) என்றால் எஞ்சின் ஓடும்போது கனெக்டரைத் தொடாதீர்கள். அதில் 100 வோல்ட்டுக்கு மேல் ஓடும். திறந்த நிலையிலேயே கழன்றால் மூடாமல் டீசலைக் கொட்டிக்கொண்டிருக்கும்.