நாட்குறிப்புக்கு நாடி பார்ப்பது எப்படி?

நாட்குறிப்பு எழுதுகிறவரிடம் பழக்கம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு எண்தான் பதிலாக வரும்: இத்தனை நாளாக விடாமல் எழுதுகிறேன். கைபேசிச் செயலிகளும் அதையேதான் எண்ணிக் காட்டுகின்றன. ஒரு நாள் தவறினால் கணக்கு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அந்த எரிச்சலிலேயே நோட்டை மூடி வைத்தவர்கள் உண்டு.

இந்த எண்ணுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 84 நாட்கள் கவனித்தார்கள். ஆய்வு 2010இல் அச்சானது. காலை உணவுக்குப் பின் தண்ணீர் குடிப்பது மாதிரி ஒரு சின்னச் செயலை ஒவ்வொருவரும் தினமும் செய்ய வேண்டும். அது எவ்வளவு தன்னிச்சையாக நடக்கிறது என்பதையும் பதிய வேண்டும். பழக்கம் முதலில் வேகமாக ஏறி, பிறகு மெதுவாகச் சமநிலைக்கு வந்தது. அதற்கு ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாட்கள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது (84 நாளைத் தாண்டியவை, பதிவுகளின் போக்கை வைத்துக் கணித்தவை). நமக்கு வேண்டிய தகவல் அடுத்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

அப்படியானால் எதை அளப்பது? உளவியலாளர்கள் பழக்கத்தின் வலிமையை அளக்க 2003இல் வெர்பிளாங்கனும் ஆர்பெலும் உருவாக்கிய 12 வாக்கியப் பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். நினைவூட்டல் இல்லாமலே செய்கிறேனா, செய்யாவிட்டால் என்னவோ போல் இருக்கிறதா என்ற ரகக் கேள்விகள். நோட்டை எடுக்க மனதோடு பேரம் பேச வேண்டியிருந்தால் பழக்கம் இன்னும் வேர் பிடிக்கவில்லை என்று பொருள்.

சரி, வேர் பிடித்துவிட்டது. அதனால் நன்மை இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. முதலில், எதற்காக எழுதுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, ஊர் நடப்பு, வணிகம், அரசியல் எல்லாம் அடங்கிய பதிவு. அதற்கு விவரமும் துல்லியமும்தான் அளவுகோல். மனப்பாரம் குறைய எழுதுகிறவருக்கு வேறு அளவுகோல் வேண்டும். அதைத் தேடியவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர்.

அவரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் 46 மாணவர்கள் அடுத்தடுத்து நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். சிலருக்குச் சாதாரண விஷயங்கள், சிலருக்கு வாழ்க்கையில் பட்ட பெரிய அடி. நடந்ததையும் அதில் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்ததும் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் போனது, சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவு. ஆக, எழுதி முடித்த உடனே மனம் லேசாகிறதா என்று பார்ப்பதும் நல்ல அளவுகோல் ஆகாது.

அப்புறம் பென்னிபேக்கர் சொற்களை எண்ணும் கணினி நிரலோடு இந்த எழுத்துகளுக்குள் போனார். 1997இல் வந்த முடிவு சுவையானது. உடல்நலம் தேறியவர்களின் எழுத்தில், முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் காரணம் சொல்லும் சொற்களும் புரிதலைக் காட்டும் சொற்களும் கூடிக்கொண்டே போயின. நம் மொழியில் சொன்னால் ‘ஏனென்றால்’, ‘அதனால்தான்’, ‘இப்போது புரிகிறது’. குழம்பிக் கிடந்த சம்பவம் மெல்ல ஒரு கதையாக உருவெடுக்கிறது. 2003இல் இன்னொன்றும் தெரிந்தது: ‘நான்’ போன்ற பிரதிப்பெயர்களின் பயன்பாடு நாளுக்கு நாள் மாறியவர்களுக்கும் நலம் கூடியது. பார்வை ஒரே இடத்தில் உறைந்துவிடவில்லை என்பதன் அடையாளம் அது.

இந்த முறை தமிழுக்கு அப்படியே பொருந்தாது. நாம் ‘நான்’ என்று எழுதாமலே ‘போனேன், திட்டினேன், அழுதேன்’ என்று முடித்துவிடுவோம். ஆகவே வினைமுற்றின் விகுதியைத்தான் பார்க்க வேண்டும். ஒரே பிரச்சினை பற்றி மாதத் தொடக்கத்தில் எழுதிய பக்கத்தையும் கடைசியில் எழுதியதையும் எடுத்துக்கொண்டு, ‘-ஏன்’ என்று முடிவதற்கு ஒரு நிறம், ‘-ஆன், -ஆள், -ஆர்’ என்று முடிவதற்கு இன்னொரு நிறம் அடியில் கோடு போடுங்கள். காரணச் சொற்களை வட்டமிடுங்கள். கறாரான ஆய்வு முறையாகாது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே புலம்பலை ஒரே சொற்களில் சொன்னால், செக்கு மாடு போலச் சுற்றுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அந்தச் சுற்றல் வெறும் நேர விரயத்தோடு நிற்பதில்லை. உல்ரிச், லுட்கென்டார்ஃப் இருவரின் 2002 ஆய்வில், ஒரு மாதம் உணர்ச்சிகளை மட்டுமே கொட்டி எழுதியவர்கள் மற்றவர்களைவிட அதிக உடல் உபாதைகளைச் சொன்னார்கள். உணர்ச்சியோடு யோசனையையும் சேர்த்து எழுதியவர்களுக்குத்தான் அந்தச் சம்பவத்தால் விளைந்த நல்லதும் கண்ணில் பட்டது. கொட்டித் தீர்த்தால் சரியாகிவிடும் என்ற அறிவுரையை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

சுற்றலிலிருந்து வெளியேற ஒரு வழி, உங்களையே பெயர் சொல்லிப் படர்க்கையில் எழுதுவது. தன்னிடமிருந்து சற்று விலகி நின்று பார்ப்பதைப் பற்றி உளவியலாளர் ஈதன் க்ராஸ் நிறைய ஆராய்ந்திருக்கிறார். இன்னொரு வழி, எதிராளியின் இடத்திலிருந்து அதே சம்பவத்தை எழுதிப் பார்ப்பது. பழக்கம் வேர் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொன்ன உத்தி உதவும்: ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முன்பே முடிச்சுப் போடுவது. இரவு பல் தேய்த்ததும் இரண்டு வரி, அவ்வளவு போதும். நோட்டை யாராவது படிப்பார்கள் என்ற பயம் இருந்தால் உண்மை வராது. நம் வீடுகளில் அந்தப் பயம் நியாயமானதுதான். எழுதியதைக் கிழித்துப் போட்டாலும் தவறில்லை.

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 146 ஆய்வுகளைத் தொகுத்து ஜோன் ஃப்ராட்டரோலி 2006இல் வெளியிட்ட பகுப்பாய்வில், இவ்வகை எழுத்துக்குப் பலன் உண்டு, ஆனால் சராசரியில் சிறியது என்றுதான் தெரிந்தது. ஒரு விஷயத்தை எழுதினால் தாங்க முடியாது என்று தோன்றினால் அதை எழுத வேண்டாம் என்பது பென்னிபேக்கரே சொல்லும் விதி. அன்றைக்கு வேறு எதையாவது எழுதலாம். அந்தப் பாரம் நாள் கணக்கில் இறங்காமல் இருந்தால், நோட்டை வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி.